காரைக்காலில் பெயர் கேட்காத வீடு

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில் வாழைப்பழக் கடைக்காரர் பழத்தைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் மகள் ரீத்தா உட்கார்ந்திருந்த பேருந்தைக் காணோம். அது நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதன்மேல் டீசல் படலம் பல நிறத்தில் மிதந்தது.

ரீத்தாவுக்குப் பதினாறு வயது. அன்று காலையில்தான் பினாங்கிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கியிருந்தோம். அவளுக்கும் எனக்கும் இந்தியா புதிது. எங்கள் ஊரில் பேருந்துக்கு வரிசையில் நிற்போம். இங்கே ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறார்கள். துண்டு விழுந்த இருக்கை போட்டவருக்குச் சொந்தம். "துண்டு போடுங்கம்மா, இல்லேன்னா நின்னுக்கிட்டுதான் போவணும்" என்று சுமைக்காரர் அவசரப்படுத்தினார். எங்களிடம் துண்டு இல்லை. கூட்டத்தை முட்டிமோதி ரீத்தாவை ஏற்றிவிட்டு, "ரெண்டு பேருக்கும் இடம் பிடி" என்றேன். துண்டுக்குப் பதிலாக மகளைப் போட்ட தாய் அந்த நிலையத்தின் வரலாற்றிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கப்பலில் வாந்தியெடுத்து அவள் துவண்டிருந்தாள். வயிற்றுக்கு நல்லதென்று பழம் வாங்க இறங்கினேன். அவ்வளவுதான்.

இப்போதும் ஏதாவது பேருந்து உறுமிக் கிளம்பினால், என் கை தானாகப் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கிறது. பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

"அது சிதம்பரம் வண்டிங்க. காரைக்கால் வழியாத்தான் போவும்" என்றார் பழக்காரர். "பயப்படாதீங்க, பின்னாலேயே அடுத்த வண்டி வரும்." பின்னாலேயே என்றால் எவ்வளவு பின்னால் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பழம் கறுத்த பிறகு வந்தது.

மழை ஜன்னல் தார்ப்பாயை அறைந்துகொண்டே வந்தது. பினாங்கிலும் மழை பெய்யும், கொட்டிவிட்டுப் போய்விடும். இந்த மழைக்கு வேறு வேலை இருப்பதாகவே தெரியவில்லை. நாகூர் தர்கா மனோராக்கள் நனைந்துகொண்டு பின்னால் போயின. வாஞ்சூரில் எல்லை. அதைத் தாண்டியதும் சாராயக் கடைகள் வரிசை கட்டின. என் முன்னிருக்கைக்காரர், "அப்பாடா, நம்ம பாண்டிச்சேரி ஸ்டேட் வந்துருச்சு" என்று கண்ணை மூடிக் கும்பிட்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நான் எதிரே வந்த ஒவ்வொரு பேருந்திலும் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மடியில் ஒரு துணிப்பை இருந்தது. நான் வந்த காரணமே அதுதான். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்போம். ஆண்டவர் ஒருமுறை குழந்தையாக வந்ததை நினைத்தும், மறுபடி வரப்போவதை எதிர்பார்த்தும் காத்திருக்கும் காலம். பூசை வைக்கும் குருவானவர் ஊதா உடுப்பு அணிவார். மூன்றாவது ஞாயிறு மட்டும் மகிழ்ச்சி ஞாயிறு. அன்றைக்கு ரோஜா நிறம். காரைக்கால் கோயிலின் ரோஜா உடுப்பைப் பூச்சி அரித்துவிட்டதென்று கேள்விப்பட்டு, பினாங்கில் இருக்கும் காரைக்கால் வம்சத்துக் குடும்பங்கள் சேர்ந்து நல்ல சாட்டின் துணி வாங்கின. என் தாய்வழியும் அந்த வம்சம். பள்ளிக்கோ நீண்ட விடுமுறை. கணவருக்குத் துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை. "நீயும் பிள்ளையும் போய் ஊரைப் பார்த்துட்டு வாங்க" என்று வழியனுப்பினார். அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

காரைக்காலில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிலையத்தில் ரீத்தா இல்லை. "சிதம்பரம் வண்டி அப்பவே போயிருச்சுங்க. அப்படி யாரும் எறங்கி நிக்கலியே" என்றார் நேரம் குறிக்கும் அலுவலர். எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கோயிலுக்குப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். குடையில்லாமல் ஓடினேன்.

கோயில் பூட்டியிருந்தது. எதிரே ஒரு வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்து, வாசலில் அரிக்கேன் விளக்கு தொங்கியது. விசாரிக்கலாமென்று படியில் கால் வைத்தேன். உள்ளிருந்து ஒரு பெண்மணி என்னைப் பார்த்தார். கையிலிருந்த அகப்பையோடு கூவினார்:

"வந்தாச்சு! என்னங்க, எந்திரிங்க, நம்ம வீட்டுக்கு வந்தாச்சு!"

என் மகள்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். கூடத்தில் யாருமில்லை. நாற்காலியில் ஒரு பெரியவர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பாய் விரித்து, ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. வந்தாச்சு என்றது என்னைத்தான்.

அந்த அம்மாள் ரெஜினா. பெரியவர் அவர் கணவர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் சிப்பாய்க்கு என்ன பெயரோ அதை வைத்து ஊர் முழுக்க அவரைச் சொல்தா என்றே அழைக்கிறது. இருவருமாக என் காலுக்கு வெந்நீர் ஊற்றினார்கள், தலை துவட்டத் துண்டு கொடுத்தார்கள். நான் யார், எந்த ஊர், எதற்கு அழுகிறேன், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது விசித்திரமாகவும், கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

"என் பொண்ணு... பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க" என்றார் ரெஜினா, சட்டென்று உட்கார்ந்து. "நாங்கதான் கேக்கக் கூடாது. நீங்களா சொன்னா எங்களுக்குக் காது இருக்கு."

சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் சொல்தா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். "அலோன்!" என்று, புறப்படச் சொல்லித் தனக்குத் தானே பிரெஞ்சில் கட்டளையிட்டுக்கொண்டு போனார். அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர், தண்ணீரில் சளப் சளப் என்று அணிநடை போட்டுப் போனதை என்னால் மறக்க முடியாது.

அவர் ஈரமாகத் திரும்பினார். போலீசில் சொல்லியாயிற்று, ஆனால் வடக்கேயும் தெற்கேயும் சாலையில் தண்ணீர். சிதம்பரம் போன வண்டி திரும்பாது. அவளைப் பற்றிக் கேட்கவேண்டிய நடத்துனரும் அந்த வண்டியோடு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் நிலையத்துக்குப் புறப்பட்டேன். ரெஜினா அக்கா காபியைக் கையில் திணித்தார். அந்தக் காபியைப் பற்றி நான்கு வரி எழுதலாம். பினாங்குக் கடைகளில் வெண்ணெயில் வறுத்துத் தரும் கறுப்புக் காபிக்குப் பழகிய நாக்கு அதைக் குடித்துத் திகைத்துப்போனது. ஆனால் அன்று பாதிக்கு மேல் இறங்கவில்லை.

பத்து மணி வாக்கில் சொல்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"கெடைச்சிட்டாங்க! நாகூர்ல எறங்கிட்டாங்களாம். கப்பல்ல வந்த பொண்ணு, மலேசியாப் பொட்டி வச்சிருக்கு. ஒரு ராவுத்தர் வீட்டுல பத்திரமா இருக்காங்களாம். வாஞ்சூர்ல தண்ணி வடிஞ்சதும் அவங்களே கொண்டாந்து விட்டுருவாங்க."

யார் சொன்னது என்று கேட்டேன். நாகூரிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்த ஒருவர் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது. என்னைத் தேடி முந்தின நிறுத்தத்திலேயே இறங்கியிருக்கிறாள், புத்திசாலிப் பிள்ளை! உட்கார்ந்து நான்கு தோசை சாப்பிட்டேன். முந்தின நாள் வைத்த வாளைமீன் குழம்பு தொட்டுக்கொள்ள. ஐந்தாவதை ரெஜினா அக்கா கேட்காமலே போட்டார்.

வயிறு நிறைந்த பிறகுதான் வீட்டைக் கவனித்தேன். சுவர் புதுச் சுண்ணாம்பில் வெளுத்திருந்தது. பாய் புதுசு. கொடியில் புதுத் துண்டு. தட்டு வைத்த இடத்துக்கு மேலே சுவரில் சிறு இயேசு படம்; படத்தின் கீழே, வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற, ஊதா மெழுகுவர்த்தி மூன்று, ரோஜா நிறத்தில் ஒன்று.

"இதெல்லாம் எனக்கா அக்கா?"

"உங்களுக்குன்னா உங்களுக்கு, அவருக்குன்னா அவருக்கு" என்று படத்தைக் காட்டினார்.

பிறகு ரெஜினா அக்கா விளக்கினார். இந்தப் பங்கில், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த ஊர்களில், திருவருகைக் காலத்தில் ஒவ்வொரு வீடும் ஆண்டவர் வரும் வீடாகத் தயாராகும். வெள்ளையடித்து, ஒரு தட்டு கூடுதலாக வைத்து, பகல் முழுக்கக் கதவைத் திறந்தே வைப்பார்கள். அந்த வாரங்களில் முன்னறியாத யார் படியேறினாலும் அவர்தான் விருந்தாளி. பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூட்டிப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்த பிறகுதான் கேட்கலாம். இன்னொரு சட்டமும் உண்டு. தன் வீட்டுக்கு வந்தவரைப் பற்றி ஞாயிறு வரை வெளியே பேசக் கூடாது. ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா என்றுகூட.

"அது எதுக்கு?"

"முன்னாடி பெரிய சண்டை. 'எங்க வீட்டுக்கு டாக்டரு வந்தாரு, உங்க வீட்டுக்குப் பிச்சைக்காரன்தானே'ன்னு பீத்திக்குவாளுங்க. ஆண்டவரு எந்த வேசத்துல வருவாருன்னு இவளுக்குத் தெரியுமாக்கும்! அதான் கோயில் சாமியாரு வாயக் கட்டிட்டாரு."

வாயைக் கட்டினாரே தவிர, பெருமையைக் கட்ட முடியவில்லை. தெருவில் போகிற பெண்கள் ஒவ்வொருத்தரும் வாசலில் நின்று, "வந்தாச்சா?" என்று கேட்பார்கள். ரெஜினா அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வந்தாச்சு" என்பார். கேட்டவர் முகம் கொஞ்சம் சுருங்கும். நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாட்டின் துணியைப் பிரித்ததும் ரெஜினா அக்கா கையைக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டார். வீட்டில் தையல் இயந்திரம் இருந்தது. ஞாயிறு பூசைக்குள் உடுப்புத் தயாராக வேண்டும். சாமியார் அளவுக்கு அவருடைய பழைய ஊதா உடுப்பு வந்தது. ரெஜினா அக்கா வெட்ட, நான் ஓரம் மடித்துத் தைக்க என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

மதியம் புறவாசலில் ஒரு குரல். "அக்கா! கருவாடு!"

கூடையோடு நின்றவர் செவத்தியம்மா. வடக்கே கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வருபவர். அங்கே கடலோரத்தில் சில கிறிஸ்தவக் குடும்பங்களும் சின்னக் கோயில் ஒன்றும் உண்டாம். கடலுக்குப் போகாத மழைநாட்களில் கருவாடு விற்கிறார். இடுப்புவரை நனைந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்ததைக் கடைத்தெருவுக்குப் போய் வந்தது போலச் சொன்னார்.

"வந்தாச்சா?" என்றார் ரெஜினா அக்கா.

"வந்தாச்சு! உங்களுக்கு?"

"வந்தாச்சு!"

இருவரும் சின்னப் பிள்ளைகள் போல வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு செவத்தியம்மா குரலைத் தாழ்த்தினார். "எங்க விருந்தாளிக்குக் கடுங்காய்ச்சல் அக்கா. வந்ததுலேருந்து கண்ணே தொறக்கல. வைத்தியரு பாத்துட்டு மாத்திரை குடுத்தாரு. பயமில்லையாம், குளிர்தானாம். ஆனா எது குடுத்தாலும் வாந்தி. என்னத்தக் குடுக்கட்டும்?"

நான் தையலை வைத்துவிட்டு எழுந்தேன். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி காய்ச்சுவது எனக்குக் கைவந்த வேலை. பச்சரிசியைக் குழைய விட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. பினாங்கில் மேலே வறுத்த நெத்திலி தூவுவோம். செவத்தியம்மா தன் கூடையிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தந்தார். "விருந்தாளி பெரியவங்களா, சின்னவங்களா? காரம் எவ்வளவு போட?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஞாயித்துக்கெழம கோயில்ல பாப்பீங்க."

"இதக்கூடச் சொல்லக் கூடாதா?"

"உங்கள யாருன்னு நான் கேட்டனா?" என்றார். ரெஜினா அக்கா கைதட்டினார்.

கஞ்சியைத் துழாவிக்கொண்டே நினைத்துக்கொண்டேன். நாகூரில் யாரோ ஒரு ராவுத்தர் வீட்டு அம்மா என் பிள்ளைக்குச் சோறு போடுகிறார். நான் இங்கே யாருடைய பிள்ளைக்கோ கஞ்சி காய்ச்சுகிறேன். கணக்குச் சரியாக இருப்பதுபோல் பட்டது. தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். செவத்தியம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலையிலேயே திரும்ப வந்துவிட்டார். "டீச்சரம்மா, அந்தக் கஞ்சி ஒண்ணுதான் உள்ள நிக்குது. இன்னொரு தடவ காய்ச்சிக் குடுங்க." நான் டீச்சர் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ! "நீங்க நேத்து என்னய நின்னு கேள்வி கேட்ட தோரணைதான்" என்றார். மறுபடி காய்ச்சினேன், இந்தத் தடவை பூண்டும் சேர்த்தேன்.

அன்று முழுக்க வீடு கலகலவென்று இருந்தது. ரெஜினா அக்கா வாசற்படியைத் தேய்த்துக் கழுவினார். பின் மறுபடியும் கழுவினார். சொல்தா தன் படைக் காலணிகளை மெருகேற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"ஆண்டவரு வர்றப்ப சலாம் வைக்கணும்ல? செருப்புக் காலோடயா வைக்கிறது?"

"முப்பது வருசமா இதத்தான் பாலீஷ் போடுறாரு" என்றார் ரெஜினா அக்கா. "அவரு வந்தா இவரு சலாம பாக்கமாட்டாரு. அம்மாம் தூரத்துலேருந்து வர்றவரு, மொதல்ல கால் கழுவத் தண்ணி எங்கன்னுதான் கேப்பாரு."

"நீ தண்ணி குடு. நான் சலாம் வைக்கிறேன். யாரப் பாத்துச் சிரிக்கிறாருன்னு பாப்போம்."

எனக்கு இது புதிது. இரண்டாம் வருகை என்றாலே, சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட எக்காளச் சத்தமும் நெருப்பும்தான் எனக்கு நினைவு வரும். நல்லவர்கள் செம்மறியாடாக ஒரு பக்கம், கெட்டவர்கள் வெள்ளாடாக ஒரு பக்கம், நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்ற கிலி. இரவில் வானம் மின்னினால் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். "உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா? தீர்ப்பு நாள் இல்லையா அது?" என்று கேட்டேன்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "தீர்ப்புதான். ஆனா வர்றது யாரு? தெரிஞ்சவருதானே! மகன் சீமையிலேருந்து வர்றான்னா வீட்டக் கழுவுவோமா, கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சிக்குவோமா?"

அவர்கள் மகன் உண்மையிலேயே பிரான்ஸில் இருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எப்போது வருவான் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டின் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

பிற்பகலில் மழை விட்டது. உடுப்பு முடிந்தது. ரோஜா சாட்டினைக் கூடத்தில் தொங்கவிட்டதும் புதுச் சுண்ணாம்புச் சுவரே லேசாகச் சிவந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒரு பாட்டுக்கூட எழும்பியது. சொல்தா தாளத்தைத் தப்பாகப் போட்டு எல்லாரையும் குழப்பினார். வாஞ்சூரில் தண்ணீர் வடிகிறது என்று யாரோ வந்து சொன்னார். நான் முகம் கழுவி, தலை வாரி, வாசலில் நின்றேன். மகளைப் பார்த்ததும் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட நாகூர்க்காரர். பின்னால் யாருமில்லை.

"பினாங்கம்மா நீங்கதானா?" என்றார். சைக்கிளை விட்டு இறங்கவே தயங்கினார். "மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுல இருந்த புள்ளயோட வாப்பாவே இன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. அது வேற குடும்பங்க, அதே கப்பல்ல வந்தவங்க. இங்க ஒரு தாயி காத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க. ஆள்விட்டுச் சொல்ல மனசு வரல. நானே வந்தேன்."

கேட்டதும், கழுவிக் கழுவி வெளுத்திருந்த அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள்! இரண்டு நாளாக என் பிள்ளையைத் தேடாமல், தோசை தின்று, துணி தைத்து, யாருக்கோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். ரெஜினா அக்கா தோளைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டேன்.

"உங்களுக்குச் சிரிச்சிக்கிட்டே காத்திருக்கத் தெரியுது. எனக்குத் தெரியல. வர்றவ வரலேன்னா நான் என்ன செய்வேன்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "நாங்க ரெண்டாயிரம் வருசமா காத்துக்கிட்டு இருக்கோம்மா. எங்களுக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கு மூணாவது நாளுதானே. அழுங்க" என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதுவும் அழுகையாகத்தான் முடிந்தது. நாகூர்க்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தானும் கண்ணைத் துடைத்தார். சொல்தா அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். பிறகு இருவருமாக டார்ச்சை எடுத்துக்கொண்டு தெற்குச் சாலையில் ஊர் ஊராக விசாரிக்கப் போனார்கள். வடக்கே யாரும் போகவில்லை. அந்தப் பக்கத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலை நான் கோயிலுக்கு வர மறுத்தேன். பஸ் ஓடத் தொடங்கினால் நாகப்பட்டினம் போய் ஒவ்வொரு வீடாகத் தட்டுவேன் என்றேன். "போகலாம், நானும் வர்றேன். மொத பஸ்ஸே பூசைக்கு அப்புறம்தான்" என்றார் ரெஜினா அக்கா. கோயிலில் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

அந்தப் பெஞ்சைப் போல ஒரு பெஞ்சைப் பினாங்கில் நான் பார்த்ததில்லை. எனக்கு வலப்பக்கம் வளையல் வியாபாரி ஒருவர். அவரையடுத்து, தண்ணீரில் மாட்டிய லாரியின் ஓட்டுநர். அப்புறம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒரு முதியவர். யாரோ அவருக்குப் புது வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். வளையல்காரர், தான் இந்து என்றும், எழும்போதும் உட்காரும்போதும் தனக்குச் சைகை காட்ட வேண்டும் என்றும் என்னிடம் கிசுகிசுத்தார். பின்னாலிருந்து எல்லாரும் கழுத்தை நீட்டி, எந்த வீட்டுக்கு யார் வந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீடத்தருகே மூன்று ஊதாத் திரிகளில் இரண்டும், ஒரே ரோஜாத் திரியும் எரிந்தன. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கையில் பேருந்து நேரத்தைக் கேட்டு எழுதிய துண்டுத்தாள் இருந்தது.

பெஞ்சின் இடக்கோடியில் ஒரு இடம் காலியாக இருந்தது. "மேட்டுக்காரங்க இன்னும் வரல" என்று யாரோ சொன்னார்கள். மணி அடித்தது. சாமியார் ரோஜா உடுப்பில் வெளியே வரத் தயாரானபோது, பக்கவாசலில் மாட்டுவண்டிச் சத்தமும், "நில்லுங்க, நில்லுங்க, வந்துட்டோம்!" என்ற செவத்தியம்மாவின் குரலும் கேட்டன.

அவர் ஒரு பெண்ணை அணைத்து நடத்திக்கொண்டு வந்தார். சுங்குடிப் புடவையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்த, கன்னம் ஒட்டிய பெண். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த நடை எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்தேன். வளையல்காரர் இது சைகை என்று நினைத்து அவரும் எழுந்தார். முதல் பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது.

எப்படிப் போனேன் என்று தெரியாது. ரீத்தாவின் தலை என் கழுத்தில் இருந்தது. காய்ச்சல் இல்லை. காது மடலைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை.

"அடிப்பாவி, இவங்களா உன் விருந்தாளி?" என்று ரெஜினா அக்கா கோயிலென்றும் பாராமல் கத்தினார்.

"அந்தப் புள்ளயோட அம்மாதான் உங்க விருந்தாளியா?" செவத்தியம்மா நெற்றியில் அறைந்துகொண்டார். "ரெண்டு நாளும் பொறவாசல்ல நின்னு பேசுனோமே அக்கா!"

மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். அம்மா பின்வாசலில் ஏறியிருப்பாள் என்று பேருந்தில் யாரோ சமாதானம் சொல்ல, ரீத்தா அதை நம்பித் தூங்கிவிட்டிருக்கிறாள். விழித்தபோது காரைக்கால் பின்னால் போய்விட்டது. கோட்டுச்சேரியில் இறங்கி, மழையில் திசை தப்பிக் கடலைப் பார்த்து நடந்து, செவத்தியம்மாவின் திறந்த கதவுக்குள் வந்து விழுந்தாளாம். "நேத்துப் பொழுது சாயத்தான் காய்ச்சல் விட்டுச்சு. கண்ணத் தொறந்ததும் 'காரைக்கால் கோயிலுக்குப் போவணும், எங்கம்மா அங்கதான் வருவாங்க'ன்னுச்சு. விடிஞ்சா நாமளும் அங்கதானே போறோம்னேன். டீச்சரம்மா, நீங்க உங்க புள்ளைக்குத்தான் கஞ்சி காய்ச்சுனீங்க, அந்தக் கஞ்சியிலதான் பொழச்சிச்சு."

சாமியார் பீடத்துக்கருகில் நின்று காத்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்க எங்களையே பார்த்தது. ரீத்தா என் தோளிலிருந்து தலையை எடுத்து, என் முகத்தைத் தன் புடவைத் தலைப்பால் அவசரமாகத் துடைத்துவிட்டு, காதருகில் சொன்னாள்:

"அம்மா, போதும்மா, எல்லாரும் பாக்குறாங்க. பூசை எப்ப முடியும்? எனக்குப் பசிக்குது."